மடத்துப் பிள்ளை, கௌபாய் ஊர், கடைசிக் காட்சி

கேள்வி: பழைய அமெரிக்கத் தொடர் ‘குங் ஃபூ’. அப்பா அம்மா இல்லாத பையனை ஷாவோலின் மடத்துத் துறவிகள் வளர்க்கிறார்கள். பெரியவனானதும் அமெரிக்கக் கௌபாய் ஊர்களில் வெறுங்காலோடு சுற்றுகிறான். மூன்று பருவமும் பார்த்து முடித்துவிட்டேன். கதை முடியவே இல்லையே? எனக்கு வந்த செட்டில் கடைசி டிஸ்க் விடுபட்டிருக்கிறதா?

மே 3, இரவு

டிஸ்க் எதுவும் விடுபடவில்லை. முடிவு இருக்கிறது, நீங்கள் தாண்டிப் போயிருப்பீர்கள். ‘ஃபுல் சர்க்கிள்’ என்ற பகுதிதான் முடிவு. மூன்று வருடமாகத் தேடிய தம்பி டேனி கிடைத்துவிடுகிறான். தேடல் தீர்ந்தது, கதை தீர்ந்தது. அதைத் திரும்பப் பாருங்கள்.

மே 4, காலை

நேற்று எழுதியது தப்பு. டிஸ்க் அட்டைகளை எடுத்து வரிசையாகப் பார்த்தேன். டேனி கதை நான்கு வாரம் ஓடியது: ‘பார்பரி ஹவுஸ்’, ‘ஃப்ளைட் டு ஓரியன்’, ‘தி பிரதர்ஸ் கெய்ன்’, ‘ஃபுல் சர்க்கிள்’. 1975 பிப்ரவரி 15இல் தொடங்கி மார்ச் 15இல் முடிந்தது. ஆனால் அதற்கப்புறமும் மூன்று பகுதிகள் வந்திருக்கின்றன. கடைசியாக வந்தது ‘தி லாஸ்ட் ரெய்ட்’, ஏப்ரல் 26. பெயரில்தான் ‘லாஸ்ட்’. முடிவுரை என்று நினைத்து யாரும் எழுதியதாகத் தெரியவில்லை, வழக்கமான ஒரு சனிக்கிழமைக் கதை. அத்தோடு கடையை மூடிவிட்டார்கள்.

ஆக, கேட்டவர் சொன்னதுதான் சரி. சொந்தக்காரன் கிடைத்த பிறகும் கதை நடந்துகொண்டே இருந்தது, பிறகு ஒருநாள் நின்றது.

மே 4, மதியம்

இன்னொரு திருத்தம். டேனியைத் தம்பி என்று எழுதிவிட்டேன். ‘அண்ணன் இல்லையா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இங்கிலீஷ்காரனுக்கு ‘பிரதர்’ என்றால் போதும், வயசு வேண்டாம். நமக்கு மூத்தவனா இளையவனா என்று தீர்க்காமல் வாயே திறக்க வராது. அதிலும் இவர்கள் அப்பா ஒன்று, அம்மா வேறு. வம்பே வேண்டாம், இனி டேனி என்றே எழுதுகிறேன்.

மே 4, இரவு

தொடரே பார்க்காதவர்கள் இரண்டு பேர் வந்து ‘எதைப் பற்றிப் பேச்சு?’ என்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 1870களின் அமெரிக்கா. க்வாய் சாங் கெய்னுக்கு அப்பா அமெரிக்கர், அம்மா சீனப் பெண். சீனாவில் இருவரும் இறந்து போகிறார்கள். பையன் ஷாவோலின் வாசலில் மற்றப் பையன்களோடு மழையில் நிற்கிறான். உள்ளே கூப்பிட்டு முன்னால் தேநீர் வைக்கிறார்கள். மற்றவர்கள் எடுத்துக் குடித்துவிடுகிறார்கள். இவன் மட்டும் பெரியவர் முதலில் குடிக்கட்டும் என்று காத்திருக்கிறான். அதனால் சேர்த்துக்கொள்கிறார்கள். முழுச் சீனன் அல்லாத ஒருவனை மடம் ஏற்பது அதுதான் முதல் முறை.

மடத்தில் இரண்டு குருக்கள். தலைமைக் குரு கான் (நடித்தவர் பிலிப் ஆன்). கண் தெரியாத குரு போ (கீ லூக்). ‘வெட்டுக்கிளி’ என்று செல்லமாகக் கூப்பிடுவது போ. பெரிய கெய்னாக வருபவர் டேவிட் கேரடைன். சின்னப் பையன் ராடமஸ் பெரா.

பிறகு ஒருநாள் போ வழியில் சுட்டுக் கொல்லப்படுகிறார். சக்கரவர்த்தியின் சகோதரர் மகனுடைய பரிவாரத்தின் வேலை அது. கெய்ன் ஈட்டியை எடுத்து அந்த இளவரசனைக் குத்திவிடுகிறான். அகிம்சை படித்த பிள்ளை செய்த ஒரு கொலை. அதோடு சீனாவை விட்டு ஓட்டம், தலைக்கு விலை. உயிரோடு பிடித்தால் 10,000 டாலர், பிணமாகக் கொடுத்தால் 5,000.

மே 5

நேற்று எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் பொறி தட்டியது. ‘முடிவு என்ன?’ என்று கேட்டால் எல்லோரும், நானும் சேர்த்து, டேனியையே பிடித்துக்கொள்கிறோம். அவன் கதையின் தொடக்கத்தில் இல்லவே இல்லை. 1972 பிப்ரவரி 22இல், தொடருக்கு முன்னால் வெள்ளோட்டமாக வந்த படத்தில் (பைலட் என்பார்கள்) கெய்ன் யாரையும் தேடி வரவில்லை. ஓடி வருகிறான், அவ்வளவுதான். ரயில் பாதை போடும் சீனக் கூலிகளோடு வேலைக்குச் சேர்கிறான். டேனி பெயர் வருவது அந்த வருட நவம்பரில், ‘டார்க் ஏஞ்சல்’ பகுதியில், தாத்தாவைப் பார்க்கும்போது. வாராவாரம் ஊர் ஊராக நடக்க வைக்க ஒரு காரணம் வேண்டாமா? அதற்காகச் செய்த ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

கதையின் நிஜமான கடன் வேறு. ஒன்று, அந்தக் கொலை. இன்னொன்று, மடத்துக்குத் திரும்ப முடியாதது. டேனி கிடைத்ததால் இந்த இரண்டில் ஒன்றும் தீரவில்லை. நான்கு வாரக் கதையைப் பார்த்துவிட்டு எனக்கு வயிறு நிறையாததற்கு இதுதான் காரணம் போலிருக்கிறது. (அதில் வில்லன் லெஸ்லி நீல்சன். பின்னாளில் ‘நேக்கட் கன்’ படங்களில் அசட்டுப் போலீஸாக வந்தாரே, அவரேதான். அவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

மே 5, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. என் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தொடருக்கு ஒரு முடிவு உண்டு என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தவன் நான். சித்தப்பா வெளிநாட்டில் வேலை பார்த்தார். லீவில் வரும்போது நாலைந்து வீடியோ கேசட் கொண்டுவருவார். அதில் ஒன்றில் இது இருந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. வசனம் பாதிக்கு மேல் புரியாது. வாடகைக்கு டெக் எடுத்து, ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அந்தக் கேசட்டின் கடைசியில் என்ன வரும் தெரியுமா? மொட்டைத் தலையோடு கெய்ன் நிற்பான். எதிரே கனன்றுகொண்டிருக்கும் இரும்புக் கொப்பரை. இரண்டு முன்கைகளாலும் அதை அணைத்துத் தூக்குவான். கையில் புலியும் டிராகனும் சூடாகப் பதியும். நகர்த்தி வைத்துவிட்டு வெளியே, பனியில் போய் விழுவான். அங்கே படம் கோடுகோடாகி, கொரகொர என்று வெள்ளைப் புள்ளிகள்.

‘முடிஞ்சுதுடா, எந்திரி’ என்பார் சித்தப்பா.

எனக்கு அது பிரமாதமான முடிவு. எல்லா ஊரும் சுற்றி, எல்லாச் சண்டையும் போட்டு, கடைசியில் மடத்துக்கே திரும்பிப் போய் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டான் என்று புரிந்துவைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு அப்படியே கதையும் சொல்லியிருக்கிறேன். டிவிடி செட் கையில் கிடைத்து முதல் டிஸ்க் போட்டபோதுதான் வெளிச்சமாயிற்று. அது ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் வரும் டைட்டில். சித்தப்பா கேசட்டில் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும்போது டேப் தீர்ந்திருக்கிறது. நான் முடிவு என்று கட்டி அழுதது அடுத்த வாரத்தின் ஆரம்பம்.

மே 6

‘ஷாவோலினை உண்டாக்கியதே நம்ம காஞ்சிபுரத்து போதிதர்மர்’ என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டார். 2011இல் ‘ஏழாம் அறிவு’ படம் வந்த பிறகு ஷாவோலின் என்று யார் வாயெடுத்தாலும் இது வராமல் இருக்காது. ஒரே தடவை சொல்லிவிட்டு நகர்கிறேன். மடம் 495 வாக்கில் எழுந்தது, சீனர்கள் பாடுவோ என்று சொல்லும் இந்தியத் துறவிக்காக. போதிதர்மர் அதற்குப் பிந்தியவர். தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு சொல்கிறது. 547இல் எழுதப்பட்ட இன்னொன்று பாரசீகர் என்கிறது. காஞ்சிபுரம் என்ற ஊர்ப்பெயர் இரண்டிலும் கிடையாது. சண்டைக் கலையை அவரோடு சேர்த்துச் சொல்வது ‘யிஜின் ஜிங்’ என்ற நூல் வழியாக வந்தது. அதன் முன்னுரை தன்னைப் பழசாகக் காட்டிக்கொண்டாலும், நூல் 1624ஐ ஒட்டி எழுந்தது என்பதே ஆய்வாளர்கள் கணிப்பு. பெருமைப்பட வேண்டுமானால் பாடுவோவை வைத்துப் படுங்கள், அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான்.

இந்தத் தொடரின் ஷாவோலின் சீனாவிலேயே இல்லை என்பது வேறு விஷயம். வார்னர் ஸ்டுடியோவில் 1967இல் ‘கேமலாட்’ படத்துக்காகப் போட்ட ஆர்தர் ராஜா கோட்டை சும்மா கிடந்தது. அதைத்தான் மடமாக்கினார்கள்.

மே 7

1986இல் வந்த ‘குங் ஃபூ: தி மூவி’யை ஏன் விட்டீர்கள் என்று மூன்று பேர். விடவில்லை, திரும்பப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன். நேற்று பார்த்தேன்.

படமாகச் சுமார்தான். ஆனால் பழைய கடனைக் கையில் எடுப்பது இது ஒன்றுதான். கதை 1885இல் நடக்கிறது. கெய்ன் கொன்ற இளவரசனின் அப்பாவே தேடி வருகிறார். நடித்தவர் மாக்கோ. என்னைக் கேட்டால் படத்தில் ஒரே பெரிய நடிப்பு அவருடையது. கூட ஓர் இளைஞனைக் கூட்டி வருகிறார், கெய்னைக் கொல்ல. அந்த இளைஞன் கெய்னின் மகன். கெய்னுக்கே அது தெரியாது. மகனை இழந்த அப்பன், கொன்றவனின் மகனையே ஆயுதமாக்குகிறான். பாரதக் கதையில் வர வேண்டிய கணக்கு.

அந்த மகனாக நடித்தவர் பிராண்டன் லீ. இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு இப்போதே எங்கே போகிறேன் என்று தெரிந்திருக்கும்.

மே 7, கொஞ்ச நேரம் கழித்து

தெரியாதவர்களுக்கு: கெய்ன் வேஷத்துக்கு புரூஸ் லீயையும் பரிசீலித்தார்கள். கிடைக்கவில்லை. அமெரிக்கா போகும் சீனச் சண்டைக்காரனின் கதையை ‘தி வாரியர்’ என்ற பெயரில் அவரும் எழுதி வைத்திருந்தார். இந்தத் தொடரே அவரிடமிருந்து திருடியதுதான் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். எட் ஸ்பீல்மன், ஹோவர்ட் ஃப்ரீட்லாண்டர் இருவரும் தனியாக எழுதியது என்று சிலர். அந்தச் சண்டைக்குள் நான் இறங்கவில்லை. வேஷம் கேரடைனுக்குப் போனது. அவருக்கு நடனம் தெரியும், குங் ஃபூ தெரியாது. டேவிட் சௌ, பிறகு காம் யுவென், இருவரும் சொல்லிக்கொடுத்து ஒப்பேற்றினார்கள். அந்த ஸ்லோ மோஷன் சண்டைகளின் ரகசியத்தில் பாதி அதுதான் என்பது என் சந்தேகம்.

புரூஸ் லீ 1973 ஜூலையில் இறந்துவிட்டார். தொடர் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. 1986இல் அவர் மகன், அப்பாவுக்குக் கிடைக்காத பாத்திரத்தின் மகனாக வந்து, அந்தப் பாத்திரத்தோடு சண்டை போடுகிறார். படம் ஒளிபரப்பான பிப்ரவரி 1 பிராண்டனின் பிறந்தநாள். அன்றைக்கு 21 வயது முடிகிறது.

சித்தப்பா வீட்டுக் கூடத்தில் பார்த்த பையனுக்கு இதெல்லாம் தெரியாது. நேற்று அந்தச் சண்டைக் காட்சியைப் பார்க்கும்போது கதையே மனதில் நிற்கவில்லை. கேரடைன் முகத்தைப் பார்க்கிறேன், அந்தப் பையன் முகத்தைப் பார்க்கிறேன். இவர் மனதில் அப்போது என்ன ஓடியிருக்கும், அவன் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று அங்கேயே நின்றுவிட்டேன்.

‘தி வாரியர்’ தாள்களை வைத்து 2019இல் தொடர் எடுத்தார்கள். தயாரிப்பில் மகள் ஷானன் லீயும் உண்டு. நன்றாகவே இருக்கிறது. அதைப் பற்றி இங்கே ஆரம்பித்தால் இந்த மாதம் முடிந்துவிடும்.

மே 8

‘அப்படியென்றால் 1986 படமே முடிவு என்று வைத்துக்கொள்ளலாமா?’

நேற்றுக் கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன். இன்றைக்கு இல்லை. அதற்குப் பிறகும் விடவில்லையே அவர்கள். 1987இல் கெய்னின் வம்சத்தை நிகழ்காலத்துக்குக் கொண்டுவந்து ஒரு பைலட் எடுத்தார்கள், அதிலும் பிராண்டன் உண்டு. அது தொடராகவில்லை. 1993இல் ‘தி லெஜெண்ட் கண்டின்யூஸ்’. அதில் கேரடைன் பழைய கெய்னின் பேரன், அதே பெயர். (1870களில் சுற்றியவருக்கு 1993இல் பேரன். வருடத்தை விரல் விட்டு எண்ணாதீர்கள்.) அவர் மகன் பீட்டர் போலீஸ்காரன். சின்ன வயதில் இவனும் மடத்தில் வளர்கிறான். மடம் அழிகிறது, அப்பா செத்துவிட்டார் என்று மகனும் மகன் செத்துவிட்டான் என்று அப்பாவும் நினைக்கிறார்கள். பையன் அநாதை இல்லத்துக்குப் போகிறான். கொள்ளுத்தாத்தன் அநாதையாகி மடத்துக்கு வந்தான், இவன் மடத்திலிருந்து அநாதையாகப் போகிறான். எழுதியவர்கள் யோசித்துச் செய்தார்களா, தானாக அமைந்ததா, ரசிக்கும்படி இருக்கிறது.

மே 8, இரவு

1885 என்ற வருடம் உறுத்திக்கொண்டே இருந்தது. சும்மா போட்ட வருடமாகவும் இருக்கலாம். ஆனால் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரக் கூடாது என்று 1882லேயே சட்டம் வந்துவிட்டது. 1885 செப்டம்பரில் வயோமிங்கில் ராக் ஸ்பிரிங்ஸ் என்ற சுரங்க ஊரில், வெள்ளைக்காரச் சுரங்கத் தொழிலாளர்கள் சீனக் குடியிருப்பைக் கொளுத்தி 28 பேரைக் கொன்றார்கள். கெய்ன் ஊர் ஊராக நடந்த அதே மேற்குதான். தொடரில் சாராயக் கடைக்காரன் இவனுக்குத் தண்ணீர்கூடத் தராமல் விரட்டும்போது நான்கு பேர் எழுந்து வருவார்கள், நான்கு பேரும் விழுவார்கள். ராக் ஸ்பிரிங்ஸில் கெய்ன் இல்லை.

சின்ன வயதில் எனக்கு அந்தச் சாராயக் கடைக் காட்சிகள்தான் உயிர். இப்போது பார்த்தால் அவன் தன் பெயரைச் சொல்லும் விதம்தான் முதலில் காதில் விழுகிறது. இரைந்து பேச மாட்டான். ஏற்கெனவே பழகிப்போனவனின் குரல்.

மே 9

ஓர் அன்பர் நல்ல பாயிண்ட் எழுதியிருக்கிறார்: ‘டேனி கிடைத்த மார்ச் 15க்குப் பிறகு, 29ஆம் தேதி வந்த ‘தி தீஃப் ஆஃப் செண்டோ’ முழுக்க சீனாவில் நடக்கிறது. அதையும் கணக்கில் எடுங்கள்.’

எடுத்தேன். வார வரிசையில் பார்த்தால் வேடிக்கைதான். அமெரிக்காவில் சொந்தக்காரன் கிடைத்துவிட்டான், இரண்டு வாரம் கழித்துக் கதை பழைய சீனாவுக்கே போய்விடுகிறது. பத்து வயதில் நான் கற்பனை செய்த முடிவும் கிட்டத்தட்ட இதுதானே! திட்டமிட்டிருக்க மாட்டார்கள் என்று தெரியும். எடுத்து வைத்ததை எடுத்து வைத்த வாரத்தில் போட்டிருப்பார்கள். இருந்தாலும் ஒரு அல்ப சந்தோஷம்.

அதற்கடுத்த ‘ஆம்புஷ்’ பகுதியில் கேரடைனின் சொந்த அப்பா ஜான் கேரடைன் வருகிறார், பார்வை போன பிரசங்கியாக. ‘டார்க் ஏஞ்சலி’ல் வந்த அதே பாத்திரம். டேனி பெயர் முதலில் காதில் விழும் பகுதியிலும் அவர், தொடர் முடிய ஒன்றே பாக்கி இருக்கும்போதும் அவர். மடத்திலும் கண் தெரியாத ஒரு பெரியவர், வழியிலும் ஒருவர்.

மே 9, இரவு

இதோடு சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ: கடைசிப் பகுதி 1975 ஏப்ரல் 26. நான்காவது நாள், 30ஆம் தேதி, சைகோன் விழுந்தது. கையை ஓங்கத் தயங்கும் ஓர் ஆசியத் துறவியை அமெரிக்க வீடுகள் வாராவாரம் ரசித்தது முழுக்க வியட்நாம் போரின் கடைசி வருடங்களில். இதிலிருந்து எதையும் நிரூபிக்க வரவில்லை, தேதிகளைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

மே 11

இரண்டு நாள் அலுவலகத்தில் தலை நிமிர முடியவில்லை. பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கையில் பதிந்த அந்தப் புலியும் டிராகனும். மடத்தில் அது பட்டம். படிப்பு முடிந்தது, இனி நீயும் துறவி என்பதற்கு அத்தாட்சி. கொலைக்குப் பிறகு அதுவே அடையாளத் தழும்பு. சட்டைக் கையை ஏற்றினால் போதும், 5,000 டாலரா 10,000 டாலரா என்று எதிராளி யோசிக்கத் தொடங்கிவிடுவான். அதனால்தான் அவன் முன்கைகளை மறைத்தே நடக்கிறான். வளர்த்தவர்கள் கொடுத்ததை அழிக்கவும் முடியாது, காட்டவும் முடியாது.

கொப்பரையைத் தூக்கியவன் அந்த வாசல் வழியாக வெளியேதான் போக முடியும். குருவின் கையிலிருக்கும் கூழாங்கல்லைப் பறித்துவிட்டால் கிளம்ப வேண்டும் என்று சின்ன வயதிலேயே சொல்லிவிடுகிறார்கள். பாசமாக வளர்த்துத்தான் அனுப்புகிறார்கள், ஆனால் அனுப்புவதற்காகவே வளர்க்கிறார்கள். அந்த வாசல் மூடியபோதே அவனுக்கு வீடு என்பது முடிந்துவிட்டது. டேனி வீடு அல்ல, அமெரிக்காவும் அல்ல. மூன்று வருடம் எழுதியும் ஒரு கடைசிக் காட்சி அமையாததற்கு எழுத்தாளர்களைத் திட்டுவதை இன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். கடைசிக் காட்சியை டைட்டிலிலேயே வைத்துவிட்டு, அதற்கப்புறம் என்ன எழுதுவார்கள் பாவம்.

அதாவது, பத்து வயதில் நான் பள்ளிக்கூடத்தில் சொன்ன கதை அவ்வளவு தப்பில்லை என்று நிறுவ எட்டு நாள் ஆகியிருக்கிறது.

மே 12

‘இதெல்லாம் உங்கள் கேசட் ஞாபகத்துக்குப் பூசும் சாயம்’ என்று ஒருவர். இருக்கலாம். சித்தப்பா பையனுக்கு போன் போட்டு, அந்தக் கேசட் பரணில் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.

மே 14

கிடைத்துவிட்டது. பூஞ்சை பிடித்திருக்கிறதாம், ஓட்ட முடியாது என்கிறான். முதுகில் ஒட்டிய ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பினான். சித்தப்பா கையெழுத்து, பச்சை மை: ‘குங்பூ. மீதி அடுத்த கேசட்.’

ஆக, அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது! தெரிந்தேதான் ‘முடிஞ்சுதுடா, எந்திரி’ என்று என்னைத் தூங்க அனுப்பியிருக்கிறார்.

மே 14, இரவு

அடுத்த கேசட்டும் பரணில் இருக்கிறது. அதன் மேல் சித்தியின் தங்கை கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டார்களாம்.